புள்ளியெழுத்தும் இசைக்குறியீடும்: ஒரு வரலாற்று நோக்கு

பார்வையற்ற மாணவர்க்கு இசை கற்பிப்பது பழைய வழக்கம். இசையை எழுதவும் படிக்கவும் கற்பிப்பது பிற்பட்டது. செவிவழிக் கல்வி ஆசிரியரைச் சார்ந்தே நிற்கும். எழுத்து வாய்த்த பின்னரே மாணவர் தாமே பயிலும் நிலை பிறந்தது. அம்மாற்றத்தின் மொழியியற் கூறுகளை இக்கட்டுரை சுருக்கமாக ஆராய்கிறது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாலந்தேன் ஆயுயி பாரிசில் நிறுவிய பள்ளியின் நூல்கள், பார்வையுடையோரின் எழுத்து வடிவங்களையே தாளில் புடைத்துக் காட்டின. அவற்றைத் தடவிப் படிக்கலாம். கையால் எழுதுவது அரிது. பின்னர் ஷார்ல் பார்பியே வகுத்த 12 புள்ளி முறை சொற்களை ஒலிப்பின்படி எழுதியது. எழுத்துக்கூட்டலுக்கு அதில் இடமில்லை.

சேணத் தொழிலாளியின் மகனான லூயி பிரெயில் 1819இல் அப்பள்ளியில் சேர்ந்தார். 1829இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பே சொற்கள், இசை, திருச்சபைப் பாட்டு ஆகிய மூன்றையும் சுட்டுகிறது. எனவே இசை பிற்சேர்க்கையன்று. அவரும் தேவாலயங்களில் ஆர்கன் இசைத்தவர். ஏழை மாணவர்க்கு இக்கலை பிழைப்புக்கும் வழியாயிற்று.

பின்னர் நிலைபெற்ற முறையில், ஆறு புள்ளிகளுள் மேல் நான்கு சுரத்தையும் கீழ் இரண்டு கால அளவையும் உணர்த்தும். முழுச் சுரத்துக்கும் அதன் 16இல் ஒரு பங்குக்கும் குறி ஒன்றே. தாளச் சூழலே பொருளை வரையறுக்கும். 'கல்', 'தங்கம்' ஆகியவற்றில் ககரம் வேறு வேறாக ஒலிப்பதை அறிந்த தமிழர்க்கு இச்சிக்கனம் புதிதன்று.

இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951இல் உருவாயிற்று. அதில் சுரப் பெயர்களை எழுத்தாலேயே எழுதலாம். எனினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. அச்சில் சுர எழுத்தின் மேலும் கீழும் இடப்படும் புள்ளி தாயியைக் காட்டும். பிரெயிலில் புள்ளியே எழுத்தாதலின் அவ்வழக்கை அப்படியே பெயர்க்க இயலாது, தனிக்குறி வேண்டும். அக்குறி பள்ளிக்குப் பள்ளி வேறுபடின், ஒரு பள்ளியில் எழுதிய கீர்த்தனையை மற்றொரு பள்ளி மாணவர் படிக்க இயலாது.

2013இல் நிறைவேறிய மராகேசு உடன்படிக்கையை முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா (2014). அது தன் வரம்பிற்குட்பட்ட படைப்புகளைப் பனுவல், குறியீடு, தொடர்புடைய விளக்கப்படம் என வகுக்கிறது. 'குறியீடு' என்பதை வெறும் அடையாளம் என மொழிபெயர்ப்பின், இசைநூல் அவ்வரம்புக்கு அப்பாற்பட்டதாகத் தோன்றும். 'இசைக்குறியீடு உள்ளிட்ட குறியீடு' எனத் தெளிவுறுத்துவது மொழிபெயர்ப்பாளர் கடமை. அச்சொல்லைச் சார்ந்தே மாணவர் கைக்கு நூல் எட்டும்.