அக்குள் சீழ்க்கட்டி நோயின் மருத்துவ வரலாறு

பாரிஸ் நகர அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் வெல்போ, அக்குளிலும் மார்பகத்தின் கீழும் ஆசனவாயைச் சுற்றியும் எழும் ஒருவகைச் சீழ்க்கட்டியை 1839-இல் விவரித்தார். பின்னாளில் ஹைட்ராடெனிட்டிஸ் சப்புரேட்டிவா எனப் பெயர்பெற்ற நோய் இதுவே. 1854-இல் பிரான்சின் மற்றோர் அறுவை மருத்துவரான அரிஸ்டீட் வெர்னூய், இக்கட்டிகள் வியர்வைச் சுரப்பிகளின் அழற்சியால் தோன்றுவன என்றார். 1922-இல் ஜெர்மானிய உடற்கூற்றியலார் ஷீஃபர்டெக்கர் அக்கருத்தை மேலும் குறுக்கி, மயிர்க்காலுக்குள் திறந்து பருவமடைந்தபின் இயங்கத் தொடங்கும் அபோக்ரைன் சுரப்பிகளே இதன் மூலம் என வகுத்தார்.

நோயின் இருப்பிடத்தைச் சரியாகக் கண்ட இவர்கள், அதன் பிறப்பிடத்தைப் பிழையாகக் கொண்டனர். அப்பிழையால் நோயாளிகள் அடைந்த துன்பம் சிறிதன்று. சுரப்பியில் தேங்கிய சீழே நோய் என்று கருதப்பட்டதால் கீறி வடிப்பதே சிகிச்சையாக நிலைத்தது. வடித்த இடத்திலேயே கட்டி திரும்பத் திரும்ப எழுந்து, தோலுக்கடியில் சீழ் ஓடும் புரைகளையும் இறுகிய தழும்புகளையும் விட்டுச்சென்றது. உடல் தூய்மை பேணாதவர் என்ற நியாயமற்ற பழியும் நோயாளியின் மேல் விழுந்தது. 'மூலதனம்' எழுதிய ஆண்டுகளில் கார்ல் மார்க்ஸை வாட்டிய கட்டிகளும் இந்நோயே என்று, அவருடைய கடிதங்களை ஆராய்ந்த தோல் மருத்துவர் சாம் ஷஸ்டர் 2007-இல் வாதிட்டார்; கட்டியொன்றைச் சவரக்கத்தியால் தாமே கீறிக்கொண்டதை மார்க்ஸ் 1866-இல் எங்கெல்ஸுக்கு எழுதியிருக்கிறார்.

திருப்பம் 1955-இல் தொடங்கியது. ஷெல்லி, கான் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், பன்னிரண்டு பேரின் அக்குளில் அட்ரோப்பின் தோய்ந்த ஒட்டுப்பட்டையை ஒட்டித் தோலின் துளைகளை அடைத்துவைத்தபோது மூவருக்கு இத்தகைய புண் தோன்றியது. அடைப்பே தொடக்கம் என்பது இதிலிருந்து புலனாயிற்று. அடைப்பு நிகழ்வது சுரப்பியில் அன்று, மயிர்க்காலில்தான் என்பதைப் பிந்தைய திசு ஆய்வுகள் தெளிவுபடுத்தின. அடைபட்ட மயிர்க்கால் வீங்கி வெடிக்கிறது. அதனுள்ளிருந்த பொருள் தோலின் ஆழத்தில் சிதற, உடலின் எதிர்ப்பாற்றல் அதன்மீது கட்டுக்கடங்காமல் பாய்கிறது. சுரப்பிக்குச் சேதம் நேர்வது அதன் பின்னரே.

1989-இல் தோல் மருத்துவர் ஹர்லி இந்நோய்க்கு வகுத்த மூன்று படிநிலைகளில், புரைகள் ஒன்றோடொன்று பின்னிப் பரவிய மூன்றாம் நிலையே மிகக் கடுமையானது; அங்கே பாதிக்கப்பட்ட தோலை அகலமாக வெட்டி நீக்குவது இன்றும் தேவைப்படுகிறது. ஆயினும், அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்னும் புரதத்தைத் தடுக்கும் அடாலிமுமாப் ஊசிமருந்து 2015-இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்றபின், கடும் நோயும் தோல் மருத்துவரின் நீண்டகாலக் கவனிப்புக்குள் வந்தது. 633 பேரிடம் நடந்த இரு சோதனைகளில், அம்மருந்தைப் பெற்றவர்களுள் பன்னிரண்டு வாரங்களில் கட்டிகள் பாதியாவது குறைந்தவர்கள், முதலாவதில் 41.8 விழுக்காடும் இரண்டாவதில் 58.9 விழுக்காடும் ஆவர். இது முழுக் குணம் அன்று எனினும், கீறி வடித்தலால் ஒருபோதும் கிட்டாத பயன்.

இத்தனைக்குப் பிறகும், 2015-இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், நோய் தொடங்கியதிலிருந்து அது இன்னதென்று கண்டறியப்படச் சராசரியாக 7.2 ஆண்டுகள் கழிந்திருந்தன. ஆறு மாதத்துக்குள் அக்குளிலோ தொடை இடுக்கிலோ இரண்டாம் முறையாகக் கட்டி எழுந்தால், அதை மீண்டும் கீறுவதோடு நிறுத்தாமல், நோயாளியைத் தோல் மருத்துவரிடம் அனுப்புவது முதலில் பார்க்கும் மருத்துவரின் கடமை.