வினாவே விடையாகும் இடம்: கருத்தாடல் ஆய்வும் பயன்வழியியலும்

முன்னுரை

சொல்லப்பட்டதற்கும் கருதப்பட்டதற்கும் உள்ள உறவைச் சூழல் கொண்டு விளக்குவது பிராக்மாட்டிக்ஸ் எனப்படும் பயன்வழியியல். தொடர்கள் இணைந்து உரையாடலாகவும் பனுவலாகவும் அமையும் முறையை விளக்குவது கருத்தாடல் ஆய்வு. தனித்தனியே தோன்றிய இவ்விரு துறைகளும் ஒன்றையொன்று வேண்டி நிற்பதை அவற்றின் வரலாறு காட்டுகிறது. அவ்வரலாற்றில் கொங்குப் பகுதிக்கும் இடமுண்டு.

இரு துறைகளின் தோற்றம்

பயன்வழியியல் மெய்யியலில் வேர்கொண்டது. 1938இல் சார்லஸ் மாரிஸ் குறியியலைத் தொடரியல், பொருண்மையியல், பயன்வழியியல் எனப் பகுத்தார். சொல்லுதலும் ஒரு செயலே என்பதை ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டு சொற்பொழிவுகளில் நிறுவினார். குறிப்புப்பொருள் தோன்றும் நெறியைக் கிரைஸின் கட்டுரை (1975) வகுத்தது.

கருத்தாடல் ஆய்வோ மொழியியலுக்குள்ளேயே பிறந்தது. செலிக் ஹாரிஸ் 1952இல் அப்பெயரிலேயே எழுதிய கட்டுரை, தொடர் எல்லையைக் கடந்து சொற்களின் பரவலை ஆராய்ந்தது. 1975இல் சின்கிளேரும் கூல்த்தார்டும் வகுப்பறைப் பேச்சைப் பகுத்தபோது, ஆசிரியரின் வினா எப்போது கட்டளையாகிறது என்பதையும் விளக்க நேர்ந்தது. அதற்குச் சூழலறிவு இன்றியமையாததாயிற்று.

கொங்குப் பகுதியின் பங்கு

ஸ்டீபன் லெவின்சன் அன்றைய கோவை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் களப்பணியாற்றி, தமிழ்ச் சிற்றூரில் சமூகச் சுட்டு பற்றிய முனைவர் பட்ட ஆய்வேட்டை 1977இல் அளித்தார். அவரும் பெனிலோப் பிரவுனும் 1978இல் முன்வைத்த பணிவுக் கோட்பாடு ஆங்கிலம், செல்தால், தமிழ் ஆகிய மும்மொழித் தரவுகளைச் சார்ந்தது. 1983இல் லெவின்சனின் பயன்வழியியல் நூலும், கில்லியன் பிரவுன், ஜார்ஜ் யூல் ஆகியோரின் கருத்தாடல் ஆய்வு நூலும் கேம்பிரிட்ஜ் வெளியீடுகளாக வந்தன. முன்னது கருத்தாடல் ஆய்வாளர்தம் விதிமுறைகளைக் கண்டித்து, உரையாடல் பகுப்பாய்வைப் போற்றியது. பின்னது சூழலின்றிக் கருத்தாடல் இல்லை என்றது.

இலக்கண மரபு

தமிழ் இலக்கணம் இப்பிரிவினையை மேற்கொள்ளவில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் கூற்று, கேட்போர், களன், காலம், முன்னம் ஆகியவற்றோடு, அகன்று கிடப்பினும் பொருள் இயைக்கும் மாட்டு என்பதையும் ஒரே உறுப்பு வரிசையில் வைத்தது. வினாவுக்கு வினாவே விடையாக வரலாம் எனக் கிளவியாக்கம் ஏற்றது. விடையை எட்டாக வகுத்த நன்னூல், வினாதலையும் அவற்றுள் ஒன்றாக்கியது. அதன் ஆசிரியர் பவணந்தியாரின் ஊர் பெருந்துறையை அடுத்த சீனாபுரம் எனக் கொள்வாரும் உளர்.

அருள்புரத்து எடுத்துக்காட்டு

திருப்பூர் – பல்லடம் சாலையிலுள்ள அருள்புரத்தின் பின்னலாடைத் தொழிற்கூடம் ஒன்றில் இவ்வாறு ஓர் உரையாடல் நிகழ்வதாகக் கொள்ளலாம். "இன்னைக்கு ஓவர்டைம் இருக்குதுங்களா?" எனத் தொழிலாளி வினவ, "நாளைக்கு ஷிப்மென்ட்னு தெரியுமல்ல?" என்கிறார் மேற்பார்வையாளர். இரண்டாம் வினா விடையாவது, அது முதல் வினாவை அடுத்து வருவதால். இதனைக் கருத்தாடல் ஆய்வு காட்டும். அது 'இருந்து வேலை செய்' என்னும் ஏவலாவது, சரக்கு செல்லும் நாளையும் ஏவும் உரிமையையும் இருவரும் அறிந்திருப்பதால். இதனைப் பயன்வழியியல் காட்டும். 'ங்க' என்னும் மரியாதை ஒட்டு தொழிலாளி கூற்றில் மட்டுமே உள்ளது. ஏவற்சொல் எழவில்லை, ஏவல் நிகழ்ந்துவிட்டது. பின்னர், 'இருக்கச் சொல்லவில்லையே' என மறுக்கவும் மேற்பார்வையாளருக்கு இடமுண்டு. தமிழை அண்மையில் கற்ற வெளிமாநிலத் தொழிலாளிக்கோ, அது வெறும் வினாவாகவே ஒலிக்கக்கூடும்.

முடிவுரை

சொல்லாத ஏவலுக்கு யார் பொறுப்பு என்னும் வினாவிற்கு ஒரு துறை மட்டும் விடை தராது. கூற்றின் இடத்தையும் கூறுவோர் உறவையும் சேர்த்து நோக்கினாலன்றி அப்பொறுப்பு புலப்படாது. இரண்டையும் ஒருங்கே வைத்த தமிழ் இலக்கண மரபு, தொழிற்களப் பேச்சை ஆராய்வதற்கும் உரிய கருவியாகும்.