காயலில் ஒரு நாள்

திருச்செந்தூருக்கு வருகிறவர்கள் கடலாடி, நாழிக்கிணற்றில் நீராடி, செந்திலாண்டவனைத் தொழுது ஊர் திரும்புவது வழக்கம். அவர்களுள் மிகச் சிலரே, அங்கிருந்து வடக்கே சுமார் எட்டுக் கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் காயல்பட்டினத்தில் இறங்கிப் பார்க்கிறார்கள். திருநெல்வேலியிலிருந்து வரும் இரயில் அந்த ஊரைத் தொட்டுத்தான் திருச்செந்தூரை அடைகிறது. ஆயினும் சன்னல் வழியே தெரியும் ஊராகவே அது பலருக்கு நின்றுவிடுகிறது. ஒரு நாள் ஒதுக்கி அவ்வூரைச் சுற்றி வந்தால், தமிழக வரலாற்றின் ஒரு பெரும் பகுதியைக் கண்ணாலேயே படித்துவிடலாம்.

இஸ்லாமிய மக்கள் மக்கா, மதீனா, ஜெருசலம் என்னும் மூன்று நகரங்களைத் தனிப் புனிதம் உடையனவாகப் போற்றுகிறார்கள். காயல்பட்டினம் அந்த வரிசையில் வைத்து எண்ணப்படுவதன்று. எனினும் தமிழ் முஸ்லிம்களின் உள்ளத்தில் அதற்கெனத் தனி மதிப்பு உண்டு. அம்மதிப்பு எதனால் வந்தது? இக்கேள்வியுடன் நாம் ஊருக்குள் நுழைவோம்.

முதலில் ஊரின் பெயரைப் பார்ப்போம். ஒன்பதாம் நூற்றாண்டில் எகிப்து நாட்டிலிருந்து மரக்கலம் ஏறி வந்தவர்கள் இங்கே குடியேறினார்கள் என்றும், கெய்ரோ நகரின் அரபுப் பெயராகிய 'காஹிரா' என்பதே 'காயல்' என மருவியது என்றும் ஊரில் ஒரு வழக்கு உண்டு. கெய்ரோ நகரம் தோன்றியதோ 969-ஆம் ஆண்டில். அதற்கு முன்பு வந்தவர்கள் அப்பெயரைக் கொண்டுவந்திருக்க இயலாது. 'காயல்' என்பது கடலை அடுத்த உப்பங்கழியைக் குறிக்கும் தமிழ்ச் சொல். தாமிரபரணி கடலோடு கலக்கும் பகுதியில் பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் என மூன்று ஊர்கள் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றன. அதற்காக ஊர் வழக்கைப் பொய்யென்று நாம் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. கடல் கடந்த உறவு ஒன்று பழங்காலத்திலேயே இருந்தது என்ற நினைவையே அது காத்து வருகிறது.

அந்த உறவுக்கு அயல்நாட்டார் எழுதிய சான்றுகள் உள்ளன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, காயலைப் பெருமைமிக்க நகரமென்று வருணிக்கிறார். ஆர்மஸ், கிஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளையும் பிற பண்டங்களையும் ஏற்றிய கலங்கள் அங்கே வந்து தங்கின. ஆண்டுதோறும் பதினாயிரம் குதிரைகள் இந்நாட்டுக் கரையில் இறங்கின என்றும், ஒவ்வொன்றின் விலை 220 பொற்காசு என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதுகிறார். எண் சற்று மிகையாகவும் இருக்கலாம். வணிகத்தின் பெருமை ஐயத்திற்கு இடமற்றது. நம் நாட்டு வெப்பமும் தீனியும் குதிரைகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவற்றைப் பேணும் முறையும் இங்குள்ளோருக்குச் சரிவரத் தெரியவில்லை. ஆகவே வாங்கிய குதிரைகள் மடிய மடியப் புதியன வரவழைக்க வேண்டியிருந்தது. அந்த வாணிபத்தில் முன்னின்ற அரபு வணிகர் குடும்பத்தைச் சேர்ந்த தகியுத்தீன் அப்துர் ரஹ்மான், பாண்டிய மன்னரின் அமைச்சராகவும் விளங்கினார். பதினைந்தாம் நூற்றாண்டில் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் கலங்களும் காயலை அறிந்திருந்தன.

மார்க்கோ போலோ கண்ட துறைமுகம் இன்றைய காயல்பட்டினந்தானா? திருநெல்வேலி வரலாற்றை 1881-இல் எழுதி வெளியிட்ட கால்டுவெல், பழையகாயலே அத்துறைமுகம் என்று கருதினார். அங்கே மண்ணைத் தோண்டிச் சீனக் களிமண் ஓடுகளையும் அவர் கண்டெடுத்தார். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல், முன்னர்க் கொற்கையைக் கடலிலிருந்து விலக்கியது. பின்னர்ப் பழையகாயலையும் விலக்கியது. துறைமுகங்களை வளர்த்த ஆறே அவற்றை மூடியும் விட்டது. மூன்று காயல்களையும் ஒரே கழிமுகத்தின் மக்களாகக் கொள்வதே நமக்குப் பொருந்தும்.

இனி ஊருக்குள் செல்வோம். காயல்பட்டினத்தில் பள்ளிவாசல்கள் பல உண்டு. பொறுப்பாளரிடம் இசைவு பெற்று, காலணியைக் கழற்றிவிட்டுப் பழைய பள்ளி ஒன்றினுள் நுழைகிற மாணவன் வியப்படைவான். வான்முட்டும் கோபுரங்களையும் குவிமாடங்களையும் எதிர்பார்த்து வருபவனுக்கு அங்கே தென்படுவது கருங்கல் தூண்களும், அவற்றின்மேல் கிடத்திய கல் உத்திரங்களும், தட்டையான கூரையுமே. தூணின் சதுரமும் எட்டுப்பட்டையும் போதிகையும் அவன் கோயில் மண்டபங்களில் கண்டு பழகியவை. மனித உருவமும் விலங்குருவும் மட்டும் அங்கு இல்லை. அவற்றின் இடத்தைப் பூவும் கொடியும் பெற்றிருக்கின்றன. மக்கா இருக்கும் மேற்குத் திசை நோக்கி மிஹ்ராபு என்னும் மாடம் அமைந்திருக்கிறது. தமிழ்நாட்டுச் சிற்பியின் உளி, தொழுவோரின் சமயத்திற்கு ஏற்பத் தன் வேலையைச் செய்திருக்கிறது.

இவ்வூர்க் கல்வெட்டு ஒன்று மேலும் ஓர் அரிய செய்தியைத் தருகிறது. வேணாட்டு மன்னர் உதயமார்த்தாண்டரின் பெயரால் ஒரு பள்ளிவாசல் 'உதயமார்த்தாண்டப் பெரும்பள்ளி' என்று அழைக்கப்பட்டது. அங்கிருந்த நீதித் தலைவருக்கும் 'உதயமார்த்தாண்டக் காதியார்' என்னும் பட்டம் கிடைத்தது. இந்து மன்னர் ஒருவரின் பெயரைத் தாங்கி இஸ்லாமியர் தொழுத காலம் அது. இருதரப்பாரும் அதனைப் பெருமையாகவே கருதினர் என்பதைக் கல்லே சொல்லுகிறது.

நண்பகலுக்குப் பின் தெருக்களில் நடந்தால், இவ்வூரின் உண்மையான செல்வம் கல்வியே என்பது விளங்கும். பெரும் மார்க்க அறிஞரான சதக்கத்துல்லா அப்பா 1632-இல் இங்கே பிறந்தவர். 1703-இல் கீழக்கரையில் மறைந்தவர். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடுவதற்குரிய செய்திகளை நாடி அவரை அணுகினார் என்பது மரபு. இமாமுல் அரூஸ் எனப் போற்றப்பெற்ற செய்யிது முகம்மது ஆலிம் 1816-இல் பிறந்ததும் இவ்வூரிலேயே. புதூகுஷ்ஷாம் முதலிய காப்பியங்களை இயற்றிய சேகனாப் புலவரும் காயலின் மைந்தரே. இன்றும் ஆண்டுதோறும் ரஜபு மாதத்தில் முப்பது நாள் நபிமொழித் தொகுப்பாகிய புகாரி நூலை ஓதி விளக்கும் வழக்கம் இங்கு உண்டு.

இவர்களுள் காசிம் புலவரைத் திருச்செந்தூரார் சிறப்பாக நினைக்க வேண்டும். செந்தில் முருகனை அருணகிரிநாதர் சந்தத்தில் பாடினார். அதே சந்தத்தின் வழியில் நபிகள் நாயகத்தின்மீது திருப்புகழ் பாடியவர் காயல் காசிம் புலவர். அருணகிரியைப் போல் இனி ஒருவர் பாட முடியாது என்று தமிழாசிரியர் சொல்லக் கேட்ட மாணவர் காசிம், அச்சொல்லையே தூண்டுகோலாகக் கொண்டு பாடினார் என்று கதை வழங்குகிறது. இரண்டு ஊர்களுக்கும் இடையே எட்டுக் கிலோமீட்டர் தூரம். ஒரே கடற்காற்று இரண்டிலும் வீசுகிறது. ஒரே தமிழ்ச் சந்தம் இரண்டிலும் ஒலித்திருக்கிறது.

மாலையில் கடற்கரைக்கு வருவோம். குதிரை ஏற்றிய கலங்கள் இங்கு இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இக்கரையின் முத்துக்குளிப்பையும் கடல் வாணிபத்தையும் தம் கைக்குள் கொண்டுவந்தபோது, காயலின் பழைய வளம் குன்றியது. கொற்கை சிற்றூராயிற்று, பழையகாயல் வயலும் உப்பளமும் சூழ நிற்கிறது. காயல்பட்டினமோ இன்றும் உயிர்ப்புடன் இருக்கிறது. வாணிபத்தில் வந்த பொருளை ஓதும் பள்ளிகளுக்கும் நூல்களுக்கும் ஈந்தவர்கள் வாழ்ந்ததே அதற்கு ஒரு காரணம் என்பது என் கருத்து. துறைமுகத்தை வண்டல் மூடலாம். கல்வியை அது மூடாது. காலையில் நாம் எழுப்பிய கேள்விக்கு விடை இதுவே.

ஆயினும் அந்தக் கல்விச் செல்வத்துக்கும் ஓர் ஆபத்து வந்திருக்கிறது. தமிழ்ச் சொற்களை அரபு எழுத்தில் எழுதும் முறையை இங்குள்ளோர் வளர்த்தனர். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளிகள் சேர்த்துப் புது எழுத்துகளை அமைத்தனர். அரபுத் தமிழ் எனப்படும் அவ்வெழுத்தில் மார்க்க நூல்களும் பாடல்களும் வீட்டுக் கணக்குகளும் எழுதப்பட்டன. பெண்கள் பலரும் அதனைக் கற்றிருந்தனர். இன்று அதனைத் தடையின்றிப் படிக்க வல்லோர் குறைந்துவிட்டனர். ஏடு பெட்டியில் இருக்கிறது. படிக்கும் கண் இல்லை. படிக்க ஆளில்லாத எழுத்து, வண்டல் மூடிய துறைமுகத்தைப் போன்றதே.

மாணவ நண்பர்களே! அடுத்த முறை திருச்செந்தூருக்குச் செல்லும்போது ஒரு நாளைக் காயலுக்கும் கொடுங்கள். தூண்களைப் பாருங்கள், முதியவர்களிடம் பணிவுடன் கேளுங்கள், கேட்டதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுள் ஒருவரேனும் அந்தப் பழைய எழுத்தைக் கற்றுக்கொள்வாரானால், நாம் சென்ற ஒரு நாள் பயணம் வீண்போகாது.