முற்றத்துக்கு வந்த பள்ளி: அங்கன்வாடி என்னும் சொல்லும் அதில் மறைந்த விளையாட்டும்

தமிழ்நாட்டின் ஊர்ப்புறங்களில் அங்கன்வாடியைப் 'பால்வாடி' என்று அழைக்கும் வழக்கம் இன்றும் மறையவில்லை. 'பால்வாடி டீச்சர்', 'பால்வாடி ஆயா' என்னும் தொடர்களைக் கேட்கும் தமிழ்ச் செவிக்கு, பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும் இடம் என்ற பொருளே முதலில் தோன்றும். குஜராத்தியிலும் மராத்தியிலும் இச்சொல்லின் முற்பகுதிக்குக் 'குழந்தை' என்று பொருள். இரண்டு ஒலிகளையும் தமிழ் ஒரே 'பா'வால் எழுதுவதால், குழந்தை மறைந்து பால் நின்றது. இதை வெறும் செவிப்பிழை என்று கடந்துவிட இயலாது. குழந்தையின் விளையாட்டுக்காகப் பிறந்த ஒரு சொல் நாளடைவில் உணவின் பெயராக மாறியது இந்தியா முழுவதற்கும் பொதுவான வரலாறு. தமிழ்ச் செவி அதைத் தற்செயலாகப் பதிந்துவைத்திருக்கிறது.

சொல்லின் பிற்பகுதியான 'வாடி'க்கும் ஒரு வரலாறு உண்டு. ஜெர்மானியக் கல்வியாளர் பிரீட்ரிக் ஃபுரோபெல் சிறு பிள்ளைகளுக்கான தம் விளையாட்டுக்கூடத்துக்கு 1840-இல் 'கிண்டர்கார்டன்', அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயரிட்டார். 'வாடி' என்றால் குஜராத்தியில் தோட்டம். மராத்தியில் தோட்டம் என்பதோடு சிறு குடியிருப்பு என்ற பொருளும் உண்டு. எனவே பால்வாடி என்பது ஃபுரோபெல் தந்த பெயரின் இந்திய வடிவம். ஆனால் 'அங்கன்' என்னும் முன்னொட்டு ஐரோப்பாவிலிருந்து வந்ததன்று. வீட்டு முற்றத்தைக் குறிக்கும் அச்சொல், ஒரு பள்ளி தன் கட்டடத்தை விட்டு இறங்கி நடந்த நிகழ்ச்சியின் எச்சம். அந்த நடையைப் புரிந்துகொள்ள முதலில் பாவ்நகருக்குச் செல்ல வேண்டும்.

சௌராஷ்டிரப் பகுதியில் 1885-இல் பிறந்த கிஜுபாய் பதேகா தொழிலால் வழக்கறிஞர். 1913-இல் மகன் பிறந்த பின்னர், அக்காலப் பள்ளிகளின் பிரம்படிக்கும் மனப்பாடத்துக்கும் அவனை ஒப்படைக்க மனமின்றி மாற்று வழி தேடினார். அத்தேடலில் மரியா மாண்டிசோரியின் எழுத்துகள் அவருக்குக் கிடைத்தன. 1916-இல் வழக்கறிஞர் தொழிலைத் துறந்து, நானாபாய் பட் நடத்திவந்த தட்சிணாமூர்த்தி நிறுவனத்தில் சேர்ந்தார். 1920-இல் அங்கு ஒரு பால மந்திரைத் தொடங்கினார். மாண்டிசோரியே இந்தியாவுக்கு வந்து சென்னை அடையாற்றில் பயிற்சி வகுப்பு நடத்தியது 1939-இல்தான். அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பே அவருடைய முறை பாவ்நகரில் சோதிக்கப்பட்டது. சோதனையின்போதே அது மாற்றமும் பெற்றது.

மாண்டிசோரி வகுப்பில் ஒவ்வொரு கருவியும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஒரு குழந்தை அதை எடுத்துவிட்டால் மற்றொரு குழந்தை காத்திருக்க வேண்டும். பொறுமையும் பிறர் வேலையை மதித்தலும் அறிவுரையால் வருபவை அல்ல, சூழலால் வருபவை என்பது இந்த ஏற்பாட்டின் அடிப்படை. கிஜுபாய் இதை முழுமையாக ஏற்றார். கற்பனைக் கதைகளைப் பொறுத்தவரை அவர் வேறு வழியில் சென்றார். சிறு குழந்தைகளுக்குத் தேவதைக் கதைகள் சொல்வதை மாண்டிசோரி ஐயத்துடன் நோக்கினார். மெய்யுலகை இன்னும் அறியாத குழந்தைக்குப் பொய்யுலகம் குழப்பம் தரும் என்பது அவர் கருத்து. கிஜுபாயோ நாட்டார் கதைகளைத் திரட்டினார், கதை சொல்லும் கலை பற்றியே தனி நூல் எழுதினார், நாடகத்தையும் பாட்டையும் பால மந்திரின் நடுவில் வைத்தார். ஒரு குழந்தை கதையில் வரும் கிழவியாகவோ குருவியாகவோ சற்று நேரம் மாறிப் பார்ப்பது, பிறர் நிலையில் தன்னை வைத்துப் பார்க்கும் முதல் பயிற்சி. 'ஒத்துணர்வு' என்று இன்றைய கலைத்திட்டங்கள் கூறும் பண்பு, அங்கு நடிப்பாகவும் கதையாகவும் பழகப்பட்டது.

இந்த வேறுபாட்டை 1930களின் தொடக்கத்தில் வெளிவந்த 'திவாஸ்வப்ன' என்னும் அவருடைய நூலில் தெளிவாகக் காணலாம். தமிழில் 'பகல் கனவு' என்ற பெயரில் கிடைக்கும் அந்நூல், ஓர் ஆசிரியர் நான்காம் வகுப்பு ஒன்றை ஓராண்டு தம் முறையில் நடத்திப் பார்க்கும் கற்பனைக் குறிப்பேடு. முதல் நாள் ஆசிரியர் லட்சுமிராம் மாண்டிசோரியின் அமைதி விளையாட்டை நடத்த முயல்கிறார். பிள்ளைகள் விதவிதமாகக் குரல் எழுப்பிக் கேலி செய்ய, வகுப்பு கலைகிறது. மறுநாள் அவர் கதை சொல்லத் தொடங்குகிறார். அதே பிள்ளைகள் அசையாமல் அமர்கிறார்கள். கட்டளையால் வராத அமைதி, அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலால் வருகிறது. தம் முன்னோடியின் உத்தி தம் வகுப்பில் தோற்றதை ஒரு சீடர் இவ்வளவு வெளிப்படையாக எழுதியிருப்பது கல்வி வரலாற்றில் அரிது. தண்டனையை மட்டுமன்றிப் பரிசையும் கிஜுபாய் எதிர்த்தார். இரண்டுமே குழந்தையின் கவனத்தைச் செயலிலிருந்து விலக்கிப் பெரியவரின் முகத்தின்மீது திருப்புகின்றன என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

குஜராத் அவருக்குச் சூட்டிய பட்டப்பெயர் 'மீசை வைத்த அம்மா'. அன்பு மிகுந்த பெயர்தான். ஆயினும் அது ஒரு செய்தியைச் சொல்லாமல் சொல்கிறது. குழந்தையோடு விளையாடி, அழுகையைத் தணித்து, கதை சொல்லும் ஓர் ஆணைக் குறிக்க மொழியில் தனிச்சொல் இல்லை. அப்பணி தாய்மையின் இயல்பாகக் கருதப்பட்டதால், அதைச் செய்தவரும் தாய் ஆனார். இயல்பாகக் கருதப்படும் ஒன்றுக்குப் பயிற்சியோ ஊதியமோ தேவை என்று சமூகம் எளிதில் நினைப்பதில்லை. இதன் விளைவு பின்னர் தெரியவரும்.

பாவ்நகரில் கிஜுபாயுடன் பணியாற்றியவர்களில் முதன்மையானவர் தாராபாய் மோடக். 1892-இல் மும்பையில் பிறந்து, 1914-இல் பட்டம் பெற்ற அவர், 1920களில் பால மந்திரில் இணைந்தார்; குழந்தைக் கல்விக்கென 1926-இல் உருவான நூதன் பால சிக்ஷண சங்கத்தின் தூணாக விளங்கினார். பால மந்திரின் வெற்றியோடு அதன் எல்லையையும் அவர் அறிந்திருந்தார். துல்லிய அளவில் செய்த மாண்டிசோரிக் கருவிகள் விலை மிகுந்தவை. நகரத்து நடுத்தர வர்க்கக் குடும்பங்களே அத்தகைய பள்ளிகளால் பெரிதும் பயனடைந்தன. எனவே 1945-இல், அன்றைய தாணே மாவட்டத்துக் கடலோரச் சிற்றூரான போர்டியில் கிராமக் குழந்தைக் கல்வி மையத்தை அவர் தொடங்கினார். அவரோடு சேர்ந்துகொண்ட அனுதாய் வாக், பதின்மூன்று வயதில் மணமாகிச் சில மாதங்களிலேயே கணவரை இழந்து, பின்னர் படித்து ஆசிரியரானவர்.

காலமும் இடமும் கவனத்துக்குரியவை. அதே 1945-இல், அதே வட்டாரத்தில், வார்லிப் பழங்குடி மக்கள் நிலவுடைமையாளர்களின் கட்டாய உழைப்புக்கு எதிராகக் கிசான் சபையின் தலைமையில் கிளர்ந்தெழுந்தனர். திருமணத்துக்கு வாங்கிய கடனுக்காகக் கணவனும் மனைவியும் அடிமைப்பட்டு உழைத்த ஊர்கள் அவை. பெற்றோர் வேலைக்குச் செல்ல, மூத்த குழந்தை இளைய குழந்தையைச் சுமந்தது. சற்று வளர்ந்ததும் மாடு மேய்த்தது. அத்தகைய குழந்தைக்கு 'பள்ளிக்கு வா' என்ற அழைப்பு பொருளற்றது. போர்டியின் மையப் பள்ளிக்குப் பிள்ளைகள் ஒழுங்காக வரவில்லை.

வராத பிள்ளையைக் குறை கூறாமல் பள்ளியை அவர்களிடம் கொண்டுசென்றதே தாராபாய், அனுதாய் இருவரின் பங்களிப்பு. குறித்த நேரத்தில் ஓரிடத்தில் நடப்பது மையப் பால்வாடி என்றும், குடியிருப்பு முற்றத்தில் பிள்ளைகளுக்கு வசதியான நேரத்தில் நடப்பது அங்கன் பால்வாடி என்றும் இரு வகைகள் உருவாயின. பெயர் அங்கே பிறந்தது. 1950களின் பிற்பகுதியில் பணி கோஸ்பாட் குன்றுக்கு மாறியபோது இச்சிந்தனை மேலும் விரிந்தது. இளைய குழந்தையைச் சுமந்து வரும் பிள்ளைக்காகப் பள்ளியோடு ஒரு குழந்தைக் காப்பகம் சேர்ந்தது. மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக மேய்ச்சல் வெளியிலேயே 'குரண்ஷாலா' என்னும் வெளிப்பள்ளி நடந்தது. விலைமிக்க கருவிகளின் இடத்தைக் கூழாங்கற்களும் சிப்பிகளும் விதைகளும் இலைகளும் பிடித்தன. வரிசைப்படுத்தவும் எண்ணவும் பகிரவும் அவை போதுமானவையாக இருந்தன.

இங்கு 'ஒத்துணர்வு' என்ற சொல்லின் திசையே மாறுவதைக் காணலாம். பாவ்நகரில் குழந்தை பிறர் நிலையை உணரக் கற்றது. போர்டியிலும் கோஸ்பாட்டிலும் பள்ளி என்ற நிறுவனம் குழந்தையின் நிலையை உணரக் கற்றது. குழந்தையின் நேரம், அதன் இடுப்பில் இருக்கும் தம்பி, அது மேய்க்கும் மாடு, அதன் வீட்டு முற்றம் ஆகியவற்றைப் பாடத்திட்டம் கணக்கில் எடுத்துக்கொண்டது. பெரியவர்கள் இந்த முதல் அடியை எடுத்துவைக்காத இடத்தில், அன்பையும் பகிர்தலையும் குழந்தைக்குப் பாடமாக நடத்துவதில் பொருளில்லை என்பதே அந்த முற்றம் தரும் படிப்பினை.

அரசு இச்சொல்லை எடுத்துக்கொண்டது 1975-இல். மினா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக்குழு, பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளின் வளர்ச்சி குறித்த அறிக்கையை 1972-இல் அளித்தது. உணவு, உடல்நலம், கல்வி ஆகியவற்றை ஒருங்கே காணும் பார்வை கொள்கைத் தளத்தில் வலுப்பெற்றது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியது. கூடுதல் ஊட்டம், தடுப்பூசி, மருத்துவச் சோதனை, உயர்நிலைச் சிகிச்சைக்குப் பரிந்துரைத்தல், தாய்மார்க்கு உடல்நலக் கல்வி, முன்பருவக் கல்வி என ஆறு பணிகள் ஒரே மையத்தில் குவிந்தன. அம்மையத்துக்கு இடப்பட்ட பெயர் அங்கன்வாடி.

இன்று நாட்டில் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகள் உள்ளன. அவற்றின் உணவுப் பணியைச் சிறுமைப்படுத்த எவருக்கும் உரிமை இல்லை. பசித்த குழந்தை விளையாடாது. உணவுரிமை வழக்கில் 2001 முதல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகள் லட்சக்கணக்கான குழந்தைகளின் தட்டில் சோறிட்டன. ஆயினும் ஆறு பணிகளில் ஐந்து எடையாலும் எண்ணாலும் அளக்கத்தக்கவை. எத்தனை முட்டை, எத்தனை கிலோ, எத்தனை ஊசி என்று பதிவேடு கேட்கும். சண்டையிட்ட இரு குழந்தைகள் எப்படிச் சமாதானம் ஆனார்கள் என்று எந்தப் பதிவேடும் கேட்பதில்லை. அளக்க முடிந்தது நிலைத்தது. அளக்க முடியாத விளையாட்டு, நேரம் மிஞ்சினால் நடப்பதாகச் சுருங்கியது. முற்றத்தின் பெயர் வந்து சேர்ந்தது; முற்றத்தில் நடந்தது பின்தங்கியது.

விளையாட்டோடு சேர்ந்து விளையாடுபவரின் மதிப்பும் பின்தங்கியது. அங்கன்வாடிப் பணியாளர் தொடக்கத்திலிருந்தே 'கௌரவப் பணியாளர்'. அவர் பெறுவது 'மதிப்பூதியம்'. மதிப்பு என்ற சொல் முன்னால் நின்று ஊதியத்தைக் குறைக்கும் விந்தையான கூட்டுச்சொல் இது. அவர்கள் அரசுப் பணியிடம் வகிப்பவர்கள் அல்லர் என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மீசை வைத்த அம்மா என்ற பெயரில் ஒளிந்திருந்த கருத்து இங்கே ஆட்சிமொழியாக மாறியிருந்தது: குழந்தையைக் கவனிப்பது பெண்ணின் இயல்பு, இயல்புக்கு வெகுமதி உண்டு, ஊதியம் இல்லை.

இதற்கு மாறான தீர்ப்பு, கிஜுபாயின் குஜராத்திலிருந்து சென்ற வழக்கிலேயே வந்தது. தாகோத் மாவட்ட அங்கன்வாடிப் பணியாளர்களின் வழக்கில், 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தும் என 2022 ஏப்ரல் 25 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் காரணங்களுள் ஒன்று மொழி நோக்கிலும் வரலாற்று நோக்கிலும் இன்றியமையாதது. மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு முன்பருவப் பள்ளி நடத்துவது கல்விச் செயல்பாடு. அதைச் செய்பவர் கற்பிக்கும் பணியைச் செய்கிறார். எனவே அங்கன்வாடியும் சட்டம் குறிப்பிடும் நிறுவனங்களுள் அடங்கும். அதாவது, ஐம்பது ஆண்டுகளாகப் பதிவேட்டின் கடைசிப் பத்தியில் இருந்த அந்த ஆறாவது பணியே, அப்பெண்கள் தொழிலாளர்கள் என்று மெய்ப்பிக்கத் துணைநின்றது. குழந்தையோடு விளையாடுவது கல்வி என்று ஒப்புக்கொண்டபோதுதான், விளையாடியவரின் உழைப்பும் உழைப்பாக ஒப்புக்கொள்ளப்பட்டது.

2020-இன் தேசியக் கல்விக் கொள்கை மூன்று வயது முதல் எட்டு வயது வரையுள்ள பருவத்தை அடித்தள நிலை என வகுத்து, விளையாட்டு வழிக் கற்றலை வலியுறுத்துகிறது. 2022-இல் வந்த கலைத்திட்டச் சட்டகம் சமூக-உணர்வு வளர்ச்சியைத் தனிக்களமாகவே வைத்துள்ளது. கிஜுபாயும் தாராபாயும் கேட்டது ஏட்டில் வந்துவிட்டது எனலாம். ஆனால் உணர்வு வளர்ச்சியையும் மதிப்பெண்ணாக்கி மற்றொரு பதிவேட்டில் நிரப்பச் சொல்லும் ஆபத்து அதனுடன் சேர்ந்தே வருகிறது. ஒரே பணியாளர் எடை பார்த்து, சமைத்ததை மேற்பார்த்து, கைப்பேசிச் செயலியில் விவரம் ஏற்றி, கணக்கெடுப்புக்கும் சென்று வந்த பிறகு கதை சொல்ல எஞ்சும் நேரம் எவ்வளவு என்பதைக் கொள்கை ஆவணங்கள் கேட்க வேண்டியுள்ளது.

சில வட்டாரத் தமிழில் 'அங்கணம்' என்பது வீட்டின் பாத்திரம் கழுவும் இடம். முற்றம் என்ற பொருளில் தொடங்கிய சொல், வேலை நடக்கும் மூலையாகச் சுருங்கியிருக்கிறது. அங்கன்வாடியும் அவ்வாறு சுருங்க வேண்டியதில்லை. அதன் பெயரில் முற்றமும் இருக்கிறது, தோட்டமும் இருக்கிறது. அங்கே குழந்தைகள் விளையாடவும், அவர்களோடு விளையாட ஒருவருக்கு நேரமும் உரிய ஊதியமும் கிடைக்கவும் வழி செய்தால், பெயர் தன் பழைய பொருளைத் தானே மீட்டுக்கொள்ளும்.