பேட்டைக்கு வந்த ரொட்டி



வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் விடுமுறைக்குத் தமிழகம் செல்லுங்கால், ஊர்தோறும் 'பெங்களூர் ஐயங்கார் பேக்கரி' என்னும் பெயர்ப்பலகையைக் கண்டிருப்பர். ஐயங்காருக்கும் ரொட்டிக்கும் என்ன தொடர்பு? அதில் பெங்களூர் எவ்வாறு வந்து சேர்ந்தது? விடை தேடினால், நம்மைப் போலவே இடம் பெயர்ந்து வந்தோரின் வரலாறு கிடைக்கிறது.

முன்னாளில் பெங்களூர் இரண்டு ஊர்களாக இருந்தது. சிக்கப்பேட்டை முதலிய பேட்டைகள் அடங்கிய பழைய நகரம் மைசூர் அரசுக்கு உட்பட்டது. 1809-இல் தோன்றிய தண்டு என்னும் இராணுவப் பகுதி 1947 வரை ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. துரைமாரும் சிப்பாய்களும் தண்டில் வாழ்ந்தமையால் ரொட்டியும் அங்கேயே வெந்தது. மசூதிச் சாலையின் ஆல்பர்ட் பேக்கரி 1902-இல் தோன்றியது. நீலகிரிப் பகுதியில் முத்துசாமி முதலியார் தொடங்கிய பால், வெண்ணெய் வணிகம், 1936-இல் பிரிகேட் சாலைக்கு வந்து நீல்கிரிஸ் என்று பெயர் பெற்றது.

பேட்டையில் வாழ்ந்த ஆசாரசீலர்க்கோ ரொட்டி விலக்கப்பட்ட பண்டம். கேக்கில் முட்டை உண்டு. தென்னாட்டில் ரொட்டி மாவைப் பொங்க வைக்கக் கள் சேர்க்கும் வழக்கமும் உண்டு. இத்தடையைக் கடந்தவர், ஹாசன் பகுதியிலிருந்து வந்து சிக்கப்பேட்டையில் இனிப்புக்கடை நடத்திய எச். எஸ். திருமலாச்சார் என்பர். கடைக்கு வந்துபோன ஆங்கிலேயர் ஒருவர் அவருக்கு ரொட்டி சுடக் கற்பித்தார் என்றும், 1898-இல் பி. பி. பேக்கரி பிறந்தது என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. தொழில் அயலாருடையது, சமையல் நெறி தம்முடையது. முட்டையின்றியே கேக் செய்தனர். பன்னுக்குள் வெங்காயமும் பச்சை மிளகாயும் புகுந்தன. உறவினரும் ஊராரும் வந்து தொழில் கற்றுத் தனிக்கடை கண்டனர். விஸ்வேஸ்வரபுரத்து வி. பி. பேக்கரி 1953-இல் எழுந்தது.

பெங்களூர் வரும் அன்பர்கள், இத்தகைய கடைகளில் காரா பன்னைச் சூட்டோடு கேட்டு வாங்குக. வெண்ணெயில் வாட்டி, காய்மசாலை பரப்பிய ரொட்டித் துண்டு மாலைக்கு ஏற்றது. இனிப்பு வேண்டுவோர்க்குத் தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்தும், பாகில் ஊறித் தேங்காய்த் துருவல் போர்த்த தேன் கேக்கும் உண்டு. பிளந்த நிலக்கடலையில் காரமும் கறிவேப்பிலையும் கலந்த காங்கிரஸ் கடலையை ஊருக்கும் கட்டிக்கொண்டு செல்லலாம்.

இனி, என் மனத்தில் நிற்கும் செய்தி ஒன்று. கருநாடகத்து ஹெப்பார் ஐயங்கார்கள், இராமானுசர் காலத்தை ஒட்டி அங்கு வேரூன்றியவர்கள் என்பது மரபு. அவர்தம் இல்லங்களில் இன்றும் கன்னடம் கலந்த ஒருவகைத் தமிழ் வழங்குகிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட யான், கன்னடத்தில் கலகலப்பாகப் பேசித் தமிழில் தடுமாறும் என் பிள்ளைகளைக் கண்டு வருந்துவதுண்டு. ஒருநாள் ரொட்டிக்கடையில் முதியவர் ஒருவர் தம் பேரனிடம் அத்தமிழில் பேசக் கேட்டேன். பாதியே விளங்கிற்று, ஆயினும் அது தமிழே. பல நூற்றாண்டுகள் கடந்தும் அது அழியவில்லை. அதற்காக அவர்கள் கன்னடத்தை அயல்மொழியாக எண்ணியதும் இல்லை.

இன்று அப்பெயர்ப்பலகையின் கீழ்ப் பிற சமூகத்தாரும் கடை நடத்துகின்றனர். பழைய குடும்பங்களின் இளைஞர் பலர் வேறு தொழில் நாடிச் சென்றுவிட்டனர். எனினும் ரொட்டியும் பெயரும் நிலைத்தன. அப்பெயர் தமிழகத்திற்குத் திரும்பி வந்தபோது பெங்களூரையும் உடன் சேர்த்துக்கொண்டே வந்தது.

வந்த ஊரை மறவாமலும், வாழும் ஊரை வெறுக்காமலும் இருத்தல் நமக்கும் இயலும் அன்றோ?