எல்லோரும் எங்கே?

‘எல்லோரும் எங்கே?’ என்பது, ஐக்கிய அமெரிக்காவின் சீ.பீ.எஸ். தொலைக்காட்சியில் 1959 ஒக்டோபர் 2ஆம் திகதி வெள்ளிக்கிழமை இரவு ஒளிபரப்பாகி, வாரந்தோறும் ஒரு தனிக்கதை கூறிய ‘ட்வைலைட் ஸோன்’ என்னும் பிரசித்தி பெற்ற தொடரை ஆரம்பித்து வைத்த அரைமணி நேர நாடகமாகும். எழுதியவர் றொட் சேர்லிங் (1924–1975). இயக்கியவர் றொபேர்ட் ஸ்டீவன்ஸ். இசையமைத்தவர் பேர்னார்ட் ஹேர்மன். கதாநாயகனாக நடித்தவர் ஏர்ல் ஹொலிமன்.

சேர்லிங் எழுதிய ‘டைம் எலிமென்ற்’ என்னும் நாடகம் 1958 நவம்பர் 24இல் வேறொரு தொடரில் ஒளிபரப்பாகிப் பார்வையாளரின் கடிதங்களை ஏராளமாகப் பெற்றமையால், அதுவரை தயங்கி நின்ற சீ.பீ.எஸ். நிறுவனத்தார் இத்தொடருக்கு மாதிரி நாடகம் ஒன்று தயாரிக்க இசைந்தனர். அதற்கென அவர் முதலில் எழுதிக் கொடுத்தது, அறுபது வயதானோரை அழித்துவிடும் ஒரு சமுதாயத்தின் கதை. அது மிகவும் கொடியதென நிராகரிக்கப்படவே, இக்கதை பிறந்தது. தனிமைப் பரிசோதனைகளைப் பற்றிச் சஞ்சிகையொன்றில் வந்த கட்டுரையே இதற்கு வித்தென்பாரும், ஆளரவமற்ற படப்பிடிப்பு வீதிகளில் ஆசிரியர் உலாவியபோது தோன்றியதென்பாரும் உளர். இரண்டும் ஒருங்கே உண்மையாயிருத்தலும் கூடும். கனடாவின் மக்கில் சர்வகலாசாலையில் டொனால்ட் ஹெப் குழுவினர் புலனுணர்ச்சியைத் தடுத்து நடத்திய பரீட்சைகள் அக்காலத்தில் பலரும் அறிந்தவையே.

விமானப்படைச் சீருடையணிந்த ஒருவன், தன் பெயரும் ஞாபகமின்றி ஒரு சிற்றூருக்குள் நடந்து வருகிறான். உணவுச்சாலையில் இசைப்பெட்டி உரத்துப் பாடுகிறது, அடுப்பிலே கோப்பி கொதிக்கிறது, பரிமாறுவாரைத்தான் காணவில்லை. பொலிஸ் நிலையத்தின் சாம்பற்கிண்ணத்தில் ஒரு சுருட்டு இன்னும் புகைந்துகொண்டிருக்கிறது. (மாயாஜாலம் யாதுமின்றி, இச்சுருட்டொன்றாலேயே அச்சம் விளைவித்தமை ஆசிரியரின் சாமர்த்தியம்.) வாகனத்தில் அமர்ந்திருக்கும் பெண்ணை அணுகினால், அவளும் துணிக்கடைப் பொம்மை. பொழுது சாய, பீதி முற்றி, வீதி கடப்போர் அழுத்தும் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்தி உதவி கேட்டுக் கதறும் அவன், உண்மையில் ஒரு பெட்டிக்குள் அடைபட்டு அபாயப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தான் என்பதும், சந்திர யாத்திரைக்குப் பயிற்சியாக 484 மணித்தியாலங்களுக்கு மேல் ஏகாந்தத்தில் வைக்கப்பட்டமையால் அவ்வூர் முழுவதும் அவன் சித்தம் படைத்த பிரமையே என்பதும் முடிவில் வெளியாகின்றன. அவ்வூராகத் தோன்றும் யூனிவேர்சல் கலையகச் சதுக்கமே பின்னர் ‘பாக் டு த ஃபியூச்சர்’ (1985) படத்திலும் இடம்பெற்றது.

மாதிரி நாடகத்துக்கு முன்னுரை வாசித்தவர் வெஸ்ட்புறூக் வான் வூர்ஹிஸ். ஒளிபரப்பின்போது அக்குரல் நீக்கப்பட்டுச் சேர்லிங்கே பேசினார். முன்னுரையில் ‘ஆறாம் பரிமாணம்’ என்றிருந்ததும் ‘ஐந்தாம் பரிமாணம்’ ஆயிற்று.

 

மருட்சி யாவும் மனமயக்கமெனக் கூறி முடித்தமை சேர்லிங்குக்குத் திருப்தியளிக்கவில்லை போலும். 1960இல் இதனைச் சிறுகதையாக்கியபோது, அவ்வூர்த் திரையரங்கின் அனுமதிச்சீட்டொன்று கதாநாயகனின் சட்டைப்பையில் அகப்படுவதாக அவர் சேர்த்தார். அம்முடிவே சிறந்ததென்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம். விஞ்ஞான நோக்கில் நாடகத்தின் எதிர்பார்ப்பு ஓரளவே பலித்தது: 1969இல் சந்திரனில் முதன்முதலாக இறங்கிய பயணத்திற் சென்றவர் ஒருவரல்லர், மூவர், தோழர் இருவரும் தரையிறங்கிய வேளையில் மேலே சுற்றிவந்த மைக்கல் கொலின்ஸுக்கு மட்டுமே அத்தனிமை வாய்த்தது.

மூலத்தொடர் 156 நாடகங்களுடன் 1964இல் நிறைவெய்தியது. 1985, 2002, 2019 ஆகிய ஆண்டுகளில் அது புதுப்பிக்கப்பட்டது. ஏர்ல் ஹொலிமன் 2024 நவம்பர் 25இல் காலமானார்.