மாதிரிப் பேரவைகளும் சர்வதேச அரசியற் கல்வியும்: ஒரு வரலாற்று நோக்கு

பாடசாலை மாணவர் உலக நாடுகளைத் தம்முள் பங்கிட்டுக்கொண்டு, தலைவரையும் செயலாளரையும் தெரிவு செய்து, பிரேரணை கொணர்ந்து, விவாதித்து, வாக்கெடுத்துச் சர்வதேச அரசியலைக் கற்கும் முறை இன்று பல நாடுகளில் வழக்கிலுள்ளது. மாதிரி ஐக்கிய நாடுகள் சபை என்னும் பெயரால் அது எமது நகர்ப்புறப் பாடசாலைகளுக்கும் அறிமுகமானதே. இம்முறையின் வரலாற்றில் ஒரு கூற்றினை மட்டும் ஈண்டு ஆராய முற்படுகின்றோம். மாணவர் எந்த மன்றத்தைப் பாவனை செய்தனர், அம்மன்றத்தில் வாக்குகள் எவ்வாறு எண்ணப்பட்டன என்பதே அது. மாணவன் நிகழ்த்தும் சொற்பொழிவைக் காட்டிலும், சொற்பொழிவு முடிந்தபின் வாக்கை எண்ணுகின்ற விதியே உலக அரசியல் பற்றிய அவனது கருத்தை உருவாக்குகின்றது என்பது எமது துணிபு.

பாவனைப் பாராளுமன்றம் சர்வதேசக் கல்விக்கு முற்பட்டதாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானிய நகரங்கள் பலவற்றில் இத்தகைய மன்றங்கள் இயங்கின. அங்கே அரசாங்கக் கட்சியும் எதிர்க்கட்சியும் எதிரெதிரே அமர்ந்தன, பெரும்பான்மை வென்றது, வென்றோரின் முடிவு தோற்றோரையும் கட்டுப்படுத்தியது. பின்னர் உலக அரசியலைக் கற்பிக்கப் புகுந்தோர் இவ்வடிவத்தையே கைக்கொண்டனர். அதனோடு அதன் உள்ளுறை எண்ணமும் வந்து சேர்ந்தது. பேசி வென்றால் காரியம் முடிந்தது என்பதே அவ்வெண்ணம்.

சர்வதேசச் சங்கம் 1920ஆம் ஆண்டு சனவரி 10ஆந் திகதி செயற்படத் தொடங்கிற்று. சங்கத்தின் நோக்கங்களை இளைஞருக்குப் போதிக்குமாறு அதன் பேரவை 1923இல் உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. பிரித்தானியாவில் சர்வதேசச் சங்க ஒன்றியம் பாடசாலைகள்தோறும் இளையோர் கிளைகளை நிறுவியது. அமெரிக்காவில் 1927ஆம் ஆண்டு சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் கல்லூரி மாணவரின் மாதிரிச் சங்கப் பேரவை கூடியது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. சங்கத்தின் பொருத்தனையை அமெரிக்க மூதவை 1919 நவம்பரிலும் 1920 மார்ச்சிலும் ஏற்க மறுத்தமையால் அந்நாடு சங்கத்தில் ஒருபோதும் உறுப்புரிமை பெறவில்லை. தமது நாட்டுக்கு ஆசனமே இல்லாத மன்றத்தில் அம்மாணவர் பிறநாட்டார் ஆசனங்களில் அமர்ந்து பேசினர். பிறர் நிலையில் நின்று சிந்திக்கும் பயிற்சிக்கு இதனினும் தூய களம் கிடைத்தலரிது.

ஆயின் அவர்கள் பாவனை செய்த பேரவை பாராளுமன்றத்தை ஒத்ததன்று. பொருத்தனையின் 5ஆம் உறுப்புரை, வேறு ஏற்பாடுகள் இல்லாதவிடத்து, சமுகமளித்த உறுப்பினர் அனைவரதும் ஏகமனதான இசைவை வேண்டிற்று. ஒரு சிறு நாடும் தீர்மானத்தைத் தடுக்கலாம். ஒரு வல்லரசு தீர்மானத்தைப் பொருட்படுத்தாது செல்லலாம். இதனை மஞ்சூரியப் பிரச்சினை தெளிவாக்கியது. 1931 செப்டெம்பர் 18ஆந் திகதிக்குப் பின்னர் ஜப்பானியப் படைகள் மஞ்சூரியாவைக் கைப்பற்றின. சங்கம் லிற்றன் பிரபுவின் தலைமையில் ஆணைக்குழுவொன்றை அனுப்பியது. அதன் அறிக்கையைத் தழுவிய முடிவுகள் 1933 பெப்ரவரி 24இல் பேரவையின் வாக்கெடுப்புக்கு விடப்பட்டன. 42 நாடுகள் ஆதரித்தன. ஜப்பான் ஒன்றே எதிர்த்தது. சீயம் வாக்களியாது விலகிற்று. பிணக்கில் சம்பந்தப்பட்டோரின் வாக்கு கணக்கிடப்படாமையால் விதிப்படி இது ஏகமனதான முடிவாயிற்று. ஜப்பானியப் பிரதிநிதி மட்சுவோக்கா தம் குழுவினருடன் மண்டபத்தை விட்டு வெளியேறினார். மஞ்சூரியா 1945 வரை ஜப்பானின் பிடியிலேயே இருந்தது.

இந்நிகழ்ச்சியை வகுப்பறையில் நடிப்பதாகக் கொள்வோம். பாராளுமன்ற வழக்கில் ஊறிய மாணவர் நாற்பத்திரண்டுக்கு ஒன்று என்ற கணக்கைக் கேட்டதும் வெற்றி முழக்கமிட்டுக் கலைந்து விடுவர். வரலாறு தொடங்குவதோ அதன் பின்னரேயாம். வெளியேறிய பிரதிநிதியை எவர் மீட்டழைப்பது, பொருளாதாரத் தடையை எவர் விதிப்பது, அதன் நட்டத்தை எவர் தாங்குவது ஆகிய வினாக்களுக்கு வாக்கெண்ணிக்கை விடை தராது. (இத்தகைய நாடகங்களிற் சீயத்தின் பாகத்தை ஏற்க எவரும் முன்வருவதில்லை. எமது நோக்கில் அன்றைய மண்டபத்தில் மாணவன் ஆராய்ந்தறியவேண்டிய அரிய பாகம் அதுவே. ஏகாதிபத்தியங்களுக்கிடையே தன்னுரிமை காத்து நின்ற ஆசிய நாடொன்று ஏன் வாய்திறவாதிருந்தது?)

ஐக்கிய நாடுகள் சபை தோன்றியபின் மாதிரிப் பேரவைகளும் பெயர் மாறின. பொதுச்சபையில் ஏகமனது விதி கைவிடப்பட்டு, முக்கிய விடயங்களுக்கு மூன்றிலிரண்டு பெரும்பான்மை போதுமென வகுக்கப்பட்டது. பாதுகாப்புச் சபையில் நிரந்தர உறுப்பினர் ஐவருக்கும் தடுப்பதிகாரம் கிடைத்தது. இதன் பொருளை எமது நாடு பட்டறிந்தது. 1948இல் சுதந்திரம் பெற்ற இலங்கையின் உறுப்புரிமை விண்ணப்பம், பாதுகாப்புச் சபையிற் பெரும்பான்மையோர் ஆதரித்தும், அவ்வாண்டிலேயே சோவியத் ஒன்றியத்தின் தடுப்பதிகாரத்தால் வீழ்த்தப்பட்டது. 1955 டிசெம்பர் 14ஆந் திகதி, இரு வல்லரசு அணிகளும் உடன்பட்ட ஏற்பாட்டின்படி, பதினாறு நாடுகள் ஒருங்கே சேர்க்கப்பட்டபோதே இலங்கைக்கும் இடம் கிடைத்தது. இவ்விவாதத்தை உயர்தர வகுப்பு மாணவர் நடிப்பின், தத்தம் நாட்டின் விண்ணப்பமே பிறரது பேரத்திற் பணயமாக வைக்கப்பட்டதை உணர்வர். விரிவுரையால் இவ்வுணர்வை ஊட்டுதல் கடினம்.

இடைநிலைப் பாடசாலை மாணவருக்கென ஹேக் நகரில் 1968 முதல் நடைபெற்றுவரும் மாதிரி ஐக்கிய நாடுகள் சபை இம்முறையைப் பல நாடுகளுக்கும் பரப்பியது. இதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகளின் முன்னர், நோர்த்வெஸ்ரேண் பல்கலைக்கழகத்தில் ஹரோல்ட் குயெட்ஸ்கோ என்பார் வேறொரு வழியை வகுத்திருந்தார். அவரது நாடுகளிடைப் பாவனையில் மேடையுமில்லை, சொற்பொழிவுமில்லை. கற்பனை நாடுகளின் ஆட்சியாளராகப் பங்கேற்போர் தமது வளங்களைப் படைக்கும் மக்கள் நலனுக்கும் பங்கிட்டு, உடன்படிக்கை செய்தும் முறித்தும் விளைவுகளை அனுபவித்தனர். சர்வதேச அரசியலின் இயல்புக்கு இதுவே நெருங்கியது எனலாம். ஆயின் இத்தகைய பாவனைகளின் பயன் குறித்த ஆய்வுகள் சிலவற்றை 1966இல் ஒப்புநோக்கிய கிளியோ செரிஹோம்ஸ், மாணவரின் ஆர்வம் மிகுந்ததேயன்றி, அறிவிலோ நினைவாற்றலிலோ ஏனைய முறைகளைவிடச் சீரான மேம்பாடு காணப்படவில்லை என்று கூறினார். ஆர்வத்தையே கல்வியெனக் கொள்வோர் இம்முடிவை எளிதிற் புறக்கணித்தல் தகாது.

ஐரோப்பாவில் முளைத்த முயற்சி வேறுவகையினது. ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்கான நேரடித் தேர்தல் முதன்முதலாக 1979 யூன் மாதத்தில் ஒன்பது நாடுகளில் நடைபெற்றது. அம்மன்றத்தினர் நாடுவாரியாக அமராது அரசியற் குழுக்களாக அமர்வர். 1987இல் பிரான்சின் பொந்தேன்புளோ நகரப் பாடசாலையொன்றில் ஐரோப்பிய இளைஞர் பாராளுமன்றம் உருவாயிற்று. பல நாட்டு மாணவர் கலந்தமர்ந்த குழுக்களில் தீர்மானங்களை வரைந்து பொது அமர்வில் விவாதிப்பதே அதன் வழக்கம். அங்கு மாணவன் எந்நாட்டுக்கும் முகவனல்லன். தன் கருத்தையே உரைக்கின்றான். நாடுகடந்த பாராளுமன்றம் உண்மையாகவே இயங்கும் கண்டத்தில் இது பொருந்தும். அத்தகைய மன்றமில்லாத ஆசியாவில் இவ்வடிவத்தை அப்படியே நாட்டுவது, இல்லாத கட்டடத்திற்கு வரைபடம் கீறுவதாகும். 1966-67இல் தில்லிப் பாடசாலைகளில் தொடங்கப்பட்ட இந்திய இளைஞர் பாராளுமன்றத் திட்டமோ உள்நாட்டு மன்ற நடைமுறையைப் பயிற்றுவது. வெளிநாட்டலுவல்கள் அதிற் பெரும்பாலும் ஓர் அமைச்சரின் விடையளவிலேயே இடம்பெற இயலும்.

எமது மாணவருக்கேற்ற விடயத்துக்குத் தொலைவிற் செல்லவேண்டியதில்லை. இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாகப் பிரகடனஞ் செய்யும் தீர்மானம் இலங்கையின் முன்முயற்சியால் 1971 டிசெம்பர் 16இல் பொதுச்சபையில் நிறைவேறிற்று. ஆதரவாக 61 வாக்குகள், எதிராக ஒன்றுமில்லை, வாக்களியாது விலகியோர் 55 நாட்டினர். அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அவ்விலகியோருள் அடங்கும். பாராளுமன்றக் கண்கொண்டு நோக்கின் இது ஓர் எதிர்ப்புமற்ற வெற்றி. கடற்படையுடையோரின் மௌனத்தை நோக்கின் வேறொரு செய்தி புலனாகும். இத்தீர்மானத்தை நடிக்கும் வகுப்பில், விலகி நின்ற 55 நாடுகளின் பிரதிநிதிகளே தத்தம் காரணத்தை எழுதிச் சமர்ப்பிக்க வேண்டுமென ஆசிரியர் பணித்தல் நன்று. தீர்மானத்தைச் செயற்படுத்தவென 1972இல் தனிக்குழுவொன்று அமைக்கப்பட்டது. கொழும்பில் 1981இற் கூடுவதற்கெனத் திட்டமிடப்பட்ட இந்து சமுத்திர மாநாடு மீண்டும் மீண்டும் பிற்போடப்பட்டு, இறுதிவரை கூடாமலே போயிற்று; தியேகோ கார்சியாவின் இராணுவத் தளம் அவ்வாண்டுகளிலேயே விரிவடைந்தது.